தம்பி சொன்ன ஆமென்

என் மகளுக்கு ஒரு கிண்ணம் கஞ்சி ஊட்டி முடிப்பதற்குள் அடுத்த வேளைக்கு உலை வைக்கும் நேரம் வந்துவிடுகிறது. ஒரு வாய் வாங்குவாள். பிறகு முற்றத்துக்குக் கோழி வர வேண்டும். வந்த கோழி போக வேண்டும். அது போன வழியை நானும் அவளோடு சேர்ந்து கொஞ்ச நேரம் பார்க்க வேண்டும். அதற்கப்புறம்தான் இரண்டாவது வாய். குழந்தைக்குக் கடிகாரம் பார்த்து ஆகாரம் கொடுக்க வேண்டும் என்று மிஷன் பள்ளியில் சுகாதாரப் பாடத்தில் எழுதி, நல்ல மதிப்பெண் வாங்கியவள் நான். கடிகாரம் சுவரில் தன்பாட்டுக்கு ஓடுகிறது. இப்படிக் காத்திருப்பது செல்லம் கொடுத்துக் கெடுப்பதாகுமோ, அவசரப்படுத்தினால் பாவமாகுமோ என்று நான் கரண்டியைப் பிடித்துக்கொண்டு இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிறேன்.

அப்படி உட்கார்ந்திருக்கும்போதெல்லாம் அம்மா நினைவுக்கு வருகிறாள். சரியாகச் சொன்னால், அம்மாவைக் குறித்து நான் வெட்கப்பட்டது நினைவுக்கு வருகிறது.

எனக்கு அப்போது ஒன்பது வயது இருக்கும். திற்பரப்புக்குப் போகும் பாதையில் ஒரு சிறிய ஊரில் அப்பா மிஷன் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தார். பள்ளிக்கூடத்தை ஒட்டியே ஓடு போட்ட கோவில். கிறிஸ்தவர்களானாலும் நாங்கள் அதைக் கோவில் என்றுதான் சொல்வோம். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் பாட்டை எடுத்துக்கொடுப்பது அப்பாவின் பொறுப்பு. அதனால் முதல் மணி அடிப்பதற்கு முன்பே வெளுத்த வேட்டியும் சட்டையுமாகப் புறப்பட்டுவிடுவார். அம்மாவும் நானும் தம்பியும் பின்னால் வர வேண்டும் என்பது ஏற்பாடு. நாங்களும் பின்னால் வரத்தான் செய்தோம். முதல் பாட்டு முடிந்து, ஜெபம் முடிந்து, உபதேசியார் வேதம் வாசித்துக்கொண்டிருக்கும்போது வாசலில் நிற்போம். பாயில் உட்கார்ந்திருக்கும் பெண்கள் எல்லோரும் ஒரே சமயத்தில் தலையைத் திருப்புவார்கள். அப்பா மட்டும் திரும்ப மாட்டார். அவர் முதுகு நிமிர்ந்து விறைப்பதை வைத்தே அவருக்குத் தெரிந்துவிட்டது என்று எனக்குத் தெரியும். அந்த வாசலிலிருந்து எங்கள் பாய் வரைக்கும் நடப்பதைவிட, கணக்கு வாய்பாடு தெரியாமல் பெஞ்சின்மேல் ஏறி நிற்பது எனக்கு எளிதாக இருந்தது.

தாமதத்துக்குக் காரணம் தம்பி. அவனுக்கு மூன்று வயது நெருங்கிக்கொண்டிருந்தது. இன்னும் ஒரு வார்த்தை பேசவில்லை. அழுவான், சிரிப்பான், கோபம் வந்தால் வீடு அதிரக் கத்துவான். பேச்சு மட்டும் வரவில்லை. ஊரில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆண்பிள்ளைகள் பைய்யத்தான் பேசும் என்றார்கள். அப்பாவின் அக்கா, என் அத்தை, பக்கத்துத் தெருவில் இருந்தாள். அவளுக்கு எதற்கும் ஒரு முன்னுதாரணம் கைவசம் இருக்கும்.

“இவனுக்க அப்பன் நாலு வயசு வரைக்கும் வாயத் தொறக்கல. இப்பம் பாரு, வாயாலதானே பிழைக்கான்.”

கூப்பிட்டால் தம்பி திரும்பிப் பார்ப்பதில்லை. அதற்கு நாங்கள் பிடிவாதம் என்று பெயர் வைத்திருந்தோம்.

அம்மா யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. அவள் செய்ததெல்லாம் காத்திருந்தது ஒன்றுதான். தம்பியைக் குளிப்பாட்டும்போது தண்ணீர்ச் செம்பை அவன் கண்ணுக்கு முன்னால் தூக்கிப் பிடித்து, “தண்ணி” என்று சொல்லிவிட்டு நிற்பாள். அவன் செம்பைப் பார்ப்பான், அம்மா வாயைப் பார்ப்பான், பிறகு செம்பைப் பிடுங்கித் தரையில் கவிழ்ப்பான். அம்மா மறுபடி மொண்டு, மறுபடி தூக்கிப் பிடித்து, மறுபடி நிற்பாள். மேல்சட்டை மாட்ட எடுத்தால் அதற்கும் ஒரு வார்த்தை, அதற்கும் ஒரு நிற்றல். முற்றத்தில் எறும்பு வரிசை போனால் இரண்டு பேரும் குந்தி உட்கார்ந்துவிடுவார்கள். நான் வாசலில் தலைவாரி, வேதப் புத்தகப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வெந்துகொண்டிருப்பேன். அம்மா சோம்பேறி என்றுகூட நினைத்திருக்கிறேன். அத்தை வீட்டில் ஆறு பிள்ளைகள். முதல் மணிக்கே ஆறும் எண்ணெய் தடவி வரிசையாக நிற்கும்.

எல்லாவற்றையும்விட நேரம் பிடித்தது பிடியரிசி. எங்கள் சபை வீடுகளில் சோறு வடிக்க அரிசி எடுக்கும்போது முதலில் ஒரு பிடி கோவிலுக்கென்று தனிப் பெட்டியில் போட்டு வைப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் பெண்கள் அதைக் கொண்டுபோய்க் கோவில் தாழ்வாரத்தில் அளந்து கொடுக்க வேண்டும். மற்ற வீடுகளில் இது கண்மூடித் திறப்பதற்குள் நடக்கும் காரியம். எங்கள் வீட்டில் அம்மா தம்பியைச் சம்மணமிட்டு உட்கார வைத்து, அவன் கையில் அரிசியை வைத்து, அந்தக் குட்டிக் கையைத் தன் கையால் மூடிப் பிடித்துக்கொள்வாள். “ஆண்டவரே, நீர் எங்களுக்குத் தந்ததிலே இது உமக்கு” என்று மெதுவாகச் சொல்வாள். சொல்லிவிட்டு அவன் முகத்தையே பார்ப்பாள். அவன் ஆமென் சொல்ல வேண்டும். சொன்னால்தான் ஜெபம் முடியும், அரிசி பெட்டியில் விழும், மீதி அரிசி உலைக்குப் போகும். அடுப்பில் தண்ணீர் கொதித்து வற்றும். விறகு எரிந்து சாம்பலாகும். ஜெபம் திறந்த கதவு மாதிரி அப்படியே நிற்கும். கடைசியில் அம்மாவே பெருமூச்சுவிட்டு ஆமென் சொல்லிக் கையை விடுவாள். அதற்குள் அவன் விரலிடுக்கு வழியாகப் பாதி அரிசி தரையில் சிந்தியிருக்கும். சிந்தியதைக் கோழி தின்னும். கோவிலுக்குப் போவது மீதிதான்.

அதனால் அளக்கும்போதும் எங்களுக்குத் தலைகுனிவு. அரிசி அளப்பது அத்தை. எங்கள் பெட்டியைக் கவிழ்த்துவிட்டு அதைத் தட்டித் தட்டிப் பார்ப்பாள், இன்னும் ஏதோ ஒட்டிக்கொண்டிருப்பது போல.

“ஏன் பிள்ளே, ஒங்க வீட்டுல ஆளு பிடி போடுதா, இல்ல குருவி பிடி போடுதா?”

பெண்கள் சிரிப்பார்கள். அம்மாவும் சிரிப்பாள். நான் தூணைப் பார்த்துத் திரும்பி நின்றுகொள்வேன்.

இப்படியிருக்கும்போது ஒரு சனிக்கிழமை மாமா வந்தார். மாமா அம்மாவின் தம்பி. குளச்சலில் கயிறு சேர்த்துவைக்கும் ஒரு கிட்டங்கியில் கணக்கெழுதிக்கொண்டிருந்தார். மீசை அப்போதுதான் அரும்பியிருந்தது. அவர் வந்தால் எங்கள் வீட்டுக்குள் ஊரே வந்த மாதிரி. யாருடைய குரலிலும் பேசுவார். சபைப் போதகரான ஐயரின் இருமல், உபதேசியார் மூக்கால் வேதம் வாசிப்பது, வெள்ளைக்காரத் துரை தமிழில் பிரசங்கம் செய்வது, குளச்சல் கடற்கரையில் மீன் ஏலம் விடுகிறவரின் தொண்டை, எல்லாம் அவர் வாயில் இருந்தன. கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் ஆள் பக்கத்தில் நிற்பதாகவே தோன்றும். அன்று மாலை அத்தையின் குரலில் அரிசி அளந்து காட்டினார். அம்மாகூட வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

மறுநாள் காலையில் முதல் மணி அடித்துவிட்டது. அப்பா போய்விட்டார். மாமாவும் நானும் வாசலில் நின்றோம். அடுக்களையில் வழக்கம்போல ஜெபம் நடந்துகொண்டிருந்தது.

“மாமா, இன்னைக்கும் எல்லாரும் திரும்பிப் பாக்கப் போறாவ” என்று நான் கண்ணீர் வராத குறையாகச் சொன்னேன்.

“என்ன செய்யாவ உள்ள?”

“தம்பி ஆமென் சொல்லணும்.”

“அவன் எப்பம் சொல்லி, நாம எப்பம் போக?” என்றார் மாமா. பிறகு, “நீ இஞ்சயே நில்லு மக்கா, இப்பம் வாறேன்” என்று சொல்லிவிட்டு வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனார். ஒன்றுக்குப் போகிறார் என்று நினைத்தேன்.

கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து தெளிவாகக் கேட்டது. மெல்லிய, கொஞ்சம் கீச்சென்ற, பால் மணக்கும் குரல்.

“ஆமென்.”

பிறகு அம்மா வெளியே ஓடிவந்தாள். அம்மா ஓடி நான் பார்த்ததே இல்லை. தம்பியை இடுப்பில் அல்ல, இரண்டு கையாலும் முன்னால் தூக்கிப் பிடித்திருந்தாள், யாரிடமோ காட்ட வருகிறவள் மாதிரி. முந்தானையிலிருந்து அரிசி உதிர்ந்துகொண்டே வந்தது.

“கேட்டியா? ஏட்டி, நீ கேட்டியா?”

“கேட்டேம்மா.”

“என்ன கேட்ட?”

“ஆமென்னு சொன்னான்.”

அவள் என்னையும் சேர்த்து அணைத்துக்கொண்டாள். அவள் கழுத்து வேர்வையும் புகையும் கலந்து மணத்தது. மாமா வீட்டு மூலையைச் சுற்றிச் சிரித்துக்கொண்டே வந்தவர், அம்மா முகத்தைப் பார்த்ததும் நடையைக் குறைத்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அம்மா, “லேய், இவன் பேசிட்டாம்லே!” என்று சொல்லி அழுதுவிட்டாள். மாமா வாயை மூடிக்கொண்டார்.

எனக்கு அன்று கிடைத்த சந்தோஷம் வேறு. அடுப்பைக்கூட அணைக்காமல் நாங்கள் புறப்பட்டோம். இரண்டாவது மணிக்கு முன்பே கோவிலில் இருந்தோம். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அப்பா மட்டும் திரும்பிப் பார்த்தார்.

அம்மா பிரசங்கம் கேட்டிருக்க மாட்டாள். தம்பியை மடியில் வைத்து, அவன் உச்சந்தலையில் மோவாயை ஊன்றிக்கொண்டு இருந்தாள். ஆராதனை முடிந்து தாழ்வாரத்துக்கு வந்ததும், பெட்டியைக் கொடுப்பதற்கு முன்னாலேயே அத்தையிடம் சொன்னாள். சொல்லும்போது குரல் நடுங்கியது.

“மைனி, பிள்ள பேசிட்டான். இன்னைக்குக் காலம்பற ஜெபத்துல ஆமென் சொன்னான்.”

அத்தையின் வாய் எப்படிப்பட்டதானாலும் அவளுக்கு எங்கள்மேல் பாசம் உண்டு. அரிசி அளக்கும் நாழியைக் கீழே வைத்துவிட்டு, “ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்!” என்று கத்தினாள். பத்துப் பெண்கள் கூடிவிட்டார்கள். அத்தை தம்பியைத் தூக்கித் தாழ்வாரத்துப் பெஞ்சில் நிறுத்தினாள்.

“எங்க, அத்தைக்கு ஒருக்கச் சொல்லு மக்கா. ஆமென்.”

தம்பி அவள் வாயைப் பார்த்தான்.

“வெக்கப்படாதலே ராசா. ஆ... மென்.”

எல்லாப் பெண்களும் சேர்ந்து சொன்னார்கள். தம்பி ஒவ்வொரு வாயாகப் பார்த்துக்கொண்டு வந்தான். பிறகு அவனும் வாயைத் திறந்தான், அவர்கள் திறந்த மாதிரியே அகலமாக. மூடினான். சத்தம் வரவில்லை. யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

“வீட்டுல மட்டுந்தான் சொல்லுவானாக்கும்” என்றாள் ஒருத்தி.

“பெத்தவளுக்கு எல்லாம் கேக்கும்” என்றாள் இன்னொருத்தி.

அம்மாவின் முகம் மாறியது. “நான் கேட்டேன் மைனி. சத்தியமா. இவளும் கேட்டா. இவகிட்ட கேளுங்க.”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அந்தத் தாழ்வாரத்தில் என் வார்த்தைக்கு மதிப்பு வந்தது அதுவே முதல் தடவை. “ஆமா, நான் கேட்டேன். தெளிவாச் சொன்னான்” என்று ஓய்வுநாள் பள்ளியில் வசனம் ஒப்பிக்கிற குரலில் சொன்னேன்.

அதனால் மறுபடி ஆரம்பித்தார்கள். கன்னத்தைக் கிள்ளினார்கள். கருப்பட்டித் துண்டைக் காட்டினார்கள். தம்பி ஓவென்று அழத் தொடங்கினான். ஆண்கள் பக்கத்திலிருந்தும் சிலர் எட்டிப் பார்த்தார்கள். அவர்களோடு அப்பாவும் இருந்தார்.

மாமாவால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. கூட்டத்துக்குள் நுழைந்து, காதைச் சொறிந்துகொண்டே, “அக்கா... அது நானாக்கும்” என்றார். யாருக்கும் புரியவில்லை. மாமா தலையைக் குனிந்துகொண்டு, காலையில் கேட்ட அதே குரலில், அந்தப் பால் மணத்தோடே, “ஆமென்” என்றார்.

பிறகு தாழ்வாரமே சிரித்தது. அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். “சவத்துப் பய! குளச்சலுக்குப் போயி இதுதானா படிச்ச?” உபதேசியார்கூடச் சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை. திரும்பிப் பள்ளிக்கூடத்தின் பக்கம் நடந்துவிட்டார்.

என் காது இரண்டும் எரிந்தன. தெளிவாகச் சொன்னான் என்று எல்லோர் முன்னிலும் சொன்னவள் நான். ஆனால் என் கோபம் மாமாமேல் வரவில்லை. அம்மாமேல்தான் வந்தது. ஏன் ஓடிவந்தாள், ஏன் சொன்னாள், பத்து வீட்டுப் பெண்கள் முன்னால் ஏன் குரல் நடுங்க நின்றாள்? அவளும் சிரித்திருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். மாமாவை இரண்டு அடி அடித்திருந்தாலும் முடிந்திருக்கும்.

அம்மா இரண்டும் செய்யவில்லை. மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டு, மிகவும் தாழ்ந்த குரலில் கேட்டாள்.

“நீ எங்க நின்னு சொன்ன?”

“அடுக்களை ஜன்னலுக்கு அந்தப் பக்கம் குனிஞ்சு நின்னு அக்கா. விளையாட்டுக்குத்தான்...”

“இவனுக்குப் பின்னாலயா?”

“ஆமா. அவன் தல எனக்குக் கையெட்டுற தூரந்தான். பொறத்த நின்னேன்.”

“சத்தமாத்தானே சொன்ன?”

“வாசல்ல நின்ன இவளுக்கே கேட்டுதே.”

அம்மா தலையை ஆட்டினாள். அவள் கண் யாரையும் பார்க்கவில்லை. காலையில் நடந்ததை மறுபடி பார்த்துக்கொண்டிருந்தாள் என்று இப்போது நினைக்கிறேன். கையெட்டும் தூரத்தில், முதுகுக்குப் பின்னால், திடீரென்று ஒரு குரல். ஜன்னலைத் திரும்பிப் பார்க்காமல் இருக்க எந்தக் குழந்தையாலும் முடியாது. என் மகள் ஒரு பல்லி சொன்னாலே திரும்புகிறாள். தம்பி திரும்பவில்லை. முகம் தெரியாதபடி குனிந்து, கையிலிருந்த அரிசியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

இதை எழுதும்போது எனக்கே சந்தேகம் வருகிறது. அம்மாவுக்கு அதற்கு முன்பே உள்ளூரத் தெரிந்திருக்குமோ? தெரிந்தும், ஒரு வார்த்தை வந்துவிட்டால் அந்தப் பயம் பொய்யாகிவிடும் என்றுதான் அத்தனை காலையும் செம்பைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாளோ? நான் கேட்டதில்லை. கேட்கும் தைரியம் எனக்கு வந்தபோது அவள் வேறு வேலைகளில் இருந்தாள். தம்பியைப் பிறகு அப்பா ஆரல்வாய்மொழி தாண்டி, திருநெல்வேலிச் சீமையில் காது கேளாத பிள்ளைகளுக்கான பள்ளியில் கொண்டுபோய்ச் சேர்த்தார். இப்போது அவன் எழுத்து எங்கள் எல்லோருடைய எழுத்தையும்விட அழகாக இருக்கிறது. மாமா அதன்பிறகு எங்கள் வீட்டில் தன் குரலைத் தவிர வேறு யார் குரலிலும் பேசியதில்லை.

அன்று அம்மா தம்பியைப் பெஞ்சிலிருந்து இறக்கினாள். அரிசிப் பெட்டியை அங்கேயே விட்டுவிட்டு, அவனைக் கோவிலுக்குப் பக்கவாட்டில் நின்ற பூவரச மரத்தடிக்குக் கூட்டிப்போனாள். உதிர்ந்து கிடந்த மஞ்சள் பூக்களைப் பார்த்ததும் அவன் அழுகையை மறந்து குந்தி உட்கார்ந்துவிட்டான். பூக்களை ஒவ்வொன்றாக எடுத்து ஒன்றுக்குள் ஒன்றைச் செருகத் தொடங்கினான். அவனுக்கு எந்த அவசரமும் இல்லை. அம்மா சத்தம் காட்டாமல் அவனுக்குப் பின்னால் போய் நின்றாள். குனிந்து, அவன் தலைக்குப் பின்னால் இரண்டு கைகளையும் ஓங்கித் தட்டினாள்.

மரத்திலிருந்து இரண்டு காகங்கள் எழும்பின. தாழ்வாரத்துப் பெண்கள் சிரிப்பை நிறுத்திவிட்டு எங்கள் பக்கம் பார்த்தார்கள். தம்பி மூன்றாவது பூவை எடுத்தான்.

நான் ஓடிப்போய் அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தேன்.

“போதும்மா. எல்லாரும் பாக்காவ. வீட்டுக்குப் போலாம் வாம்மா.”

அவள் என்னைப் பார்த்த மாதிரியே தெரியவில்லை. மறுபடி தட்டினாள். இன்னும் பலமாக. ஏமாந்துபோன கோபத்தில் அம்மாவுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். அவள் முந்தானையை முகத்தில் மூடிக்கொண்டு, அந்தச் சத்தம் யாருக்கும் கேட்டுவிடக் கூடாது ஆண்டவரே என்று வேண்டிக்கொண்டிருந்தேன். அதே துணியின் மறுபக்கத்தில் நின்று அம்மா வேண்டிக்கொண்டது வேறு என்று எனக்கு அப்போது தெரியாது.